கல்வராயன் மலையில் தேமல்: இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்கள் வழியெங்கும் மரவள்ளிக் கொல்லைகளைப் பார்க்கலாம். கொஞ்சம் நின்று இலைகளைக் கவனித்தால், மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, ஒருபக்கம் சுருங்கி, கோணிப்போன இலைகள் கண்ணில் படாமல் இருக்காது. விவசாயிகள் இதைத் தேமல் என்கிறார்கள். மனிதத் தோலில் வரும் தேமலைப் போலவே இருப்பதால் வந்த பெயர். தேமல் கண்ட செடி உடனே செத்துவிடுவதில்லை. நிற்கிறது, வளர்கிறது, தோண்டினால் கிழங்கும் இருக்கிறது. ஆனால் கிழங்கு சிறுத்திருக்கும், மாவுச்சத்தும் குறைந்திருக்கும். சேகோ ஆலையில் கிழங்குக்கு விலை போடுவது அதன் மாவுச்சத்துப் பாயிண்டை வைத்துத்தான். எனவே எடையிலும் அடி, விலையிலும் அடி.

கள்ளக்குறிச்சி என்றவுடன் நாட்டுக்கு நினைவு வருவது 2024 ஜூன் மாதம் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கொடுமைதான். அதற்குப் பிறகே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. மலையில் சாலை இல்லை, மருத்துவ வசதி போதாது, வேலை இல்லை என்ற செய்திகள் எல்லாம் அப்போதுதான் நகரத்துச் செய்தித்தாள்களில் இடம் பிடித்தன. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் (கேரளத்தாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்) கீழே சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரச் சிறு விவசாயிகளுக்கும் கையில் காசு பார்க்க வைக்கும் பயிர்களில் மரவள்ளி முக்கியமானது. சாராயம் காய்ச்சாதே என்று சொல்வது சரி. அப்படிச் சொல்பவர்கள், ஹலாலான வருமானம் தரும் பயிரை எது அரிக்கிறது என்பதையும் விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள்.

தேமலுக்கு என்ன மருந்து என்று உரக்கடையில் கேட்டால் ஏதாவது ஒரு புட்டி கைக்கு வந்துவிடும். உண்மை என்னவென்றால், செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸைக் கொல்லும் தெளிப்பு மருந்து எதுவும் விவசாயிக்குக் கிடைப்பதில்லை. அந்தப் புட்டி வெள்ளை ஈயைக் கொல்லும், அதையும் முழுமையாகக் கொல்லாது. வைரஸ் என்றால் என்ன, எங்கிருந்து வந்தது, எப்படி இந்தச் செடியோடு ஒட்டிக்கொண்டது என்பது தெரிந்தால்தான் காசை எங்கே செலவழிப்பது என்பதும் தெரியும்.

வைரஸ் என்ற ஒன்றை உலகம் கண்டுகொண்டதே ஓர் இலைத் தேமலால்தான். புகையிலைச் செடியில் வந்த தேமல் நோயை ஆராய்ந்த ரஷ்யர் இவனோவ்ஸ்கி, பாக்டீரியாவை வடிகட்டி நிறுத்தும் நுண்வடிகட்டியில் நோய்ச்சாற்றை ஊற்றினார். வடிந்து வந்த சாறும் நோயைப் பரப்பியது. இது 1892-இல். பாக்டீரியாவைவிடச் சிறியதாகவும் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகுவதாகவும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1898-இல் ஹாலந்தின் பெய்ஜெரிங்க் அறிவித்தார். பெரியம்மை, போலியோ, கொரோனா எல்லாவற்றையும் பற்றிய அறிவு அந்தப் புகையிலை இலையிலிருந்து தொடங்கியதுதான்.

மரவள்ளித் தேமலுக்குக் காரணமான வைரஸ் ஜெமினி வைரஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெமினி என்றால் இரட்டையர். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு உருண்டைகள் ஒட்டிப் பிறந்தது போல் தெரியும். உள்ளே இருப்பது வளையமாகச் சுருண்ட ஒற்றை இழை டிஎன்ஏ. அதிலும் இரண்டு வளையங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள் மட்டுமே கொண்டவை. கொரோனா வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 30,000 எழுத்து, மனிதனுடையது சுமார் 300 கோடி எழுத்து என்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு துண்டுச்சீட்டு. மதரஸாவில் ஓதியவர்களுக்குப் புரியும்படி சொன்னால், இரண்டு பாகங்களாக உள்ள ஒரு சின்னக் கிதாபு. முதல் பாகத்தில் தன்னை நகலெடுப்பதற்கும் மேலுறை செய்வதற்கும் உரிய குறிப்புகள் உள்ளன. செல்லிலிருந்து செல்லுக்கு எப்படிப் பரவுவது என்பது இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. ஆனால் நகலெடுக்கும் பேனா இந்த வைரஸிடம் கிடையாது. அது மரவள்ளியின் பேனாவைத்தான் வாங்கி எழுத வேண்டும்.

இப்படிப்பட்ட ஒன்று முதலில் எப்படி உண்டாயிற்று? அறிவியலாளர்களிடம் ஒரே பதில் இல்லை. செல்லின் மரபுப்பொருளில் இருந்து பிய்ந்துபோய்த் தனியே அலையக் கற்றுக்கொண்ட துண்டுகளே வைரஸ்கள் என்பது ஒரு கருத்து. முழு செல்லாக வாழ்ந்து, பிறரை அண்டிப் பிழைத்துப் பிழைத்து, தனக்கென்று இருந்ததையெல்லாம் இழந்து சுருங்கியவை என்பது இன்னொன்று. செல்கள் தோன்றுவதற்கு முன்பே இருந்தவை என்பாரும் உண்டு. எல்லா வைரஸுக்கும் ஒரே பிறப்பு வரலாறு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜெமினி குடும்பத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல துப்பு கிடைத்திருக்கிறது. செடியின் சாற்றுக்குழாய்களில் வாழும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்கிருமிகளுக்குள் சின்னச் சின்ன டிஎன்ஏ வளையங்கள் இருக்கின்றன. அவை தம்மை நகலெடுக்கப் பயன்படுத்தும் புரதமும் ஜெமினி வைரஸின் நகலெடுப்புப் புரதமும் நெருங்கிய உறவுடையவை. அப்படியொரு வளையம் ஒரு மேலுறையைப் பெற்று வெளியே கிளம்பியதே இந்த வைரஸ் குலத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பரிணாமம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. மனிதப் படைப்பைப் பற்றிய விவாதம் வேறு, அதற்கு இது இடமல்ல. ஒரு வைரஸ் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது என்பது கொல்லையிலும் ஆய்வுக்கூடத்திலும் நம் கண்முன்னே நடப்பது. அல்லாஹ் தன் படைப்பில் வைத்திருக்கும் நியதிகளில் ஒன்றாக அதைப் படிப்பதற்கு நமக்கு என்ன தடை?

அது எப்படி மாறுகிறது என்பதற்கு நம் பாரம்பரியத்திலேயே நல்ல உவமை இருக்கிறது. அச்சு வருவதற்கு முன்பு கிதாபுகளைக் கையால் நகலெடுத்தார்கள். எவ்வளவு கவனமான எழுத்தருக்கும் ஒரு புள்ளி விடுபடும், ஒரு சொல் இடம் மாறும். அந்த நகலிலிருந்து எடுக்கும் நகலிலும் அந்தப் பிழை தொடரும். நூறு நகல்களை அருகருகே வைத்துப் பிழைகளை ஒப்பிடும் அறிஞர், எந்த நகலிலிருந்து எந்த நகல் பிறந்தது என்று வம்சாவளி வரைந்துவிடுவார். வைரஸ் ஆய்வாளர்கள் செய்வது இதே வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. கிதாபின் பிழையைத் திருத்துவார்கள். வைரஸில் பெரும்பாலான பிழைகள் அந்த நகலையே கெடுத்துவிடும், ஆனால் எப்போதோ ஒரு பிழை அதற்கு அனுகூலமாக அமைந்துவிட்டால் அந்த நகலே பெருகி மற்றவற்றை ஓரங்கட்டிவிடும்.

எழுத்துப் பிழையைவிடப் பெரிய மாற்றமும் நடக்கும். ஒரே செடிக்குள் இரண்டு வைரஸ்கள் புகுந்தால், இதன் பக்கம் அதிலும் அதன் பக்கம் இதிலும் கலந்து தைக்கப்படலாம். நம் கொல்லைகளில் இருப்பவை இரண்டு: இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். இலங்கை வைரஸை 2002-இல் ஆராய்ந்தவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். அது ஆதியில் ஒரே பாகம் உடைய வைரஸாக இருந்து, பிறகு இந்திய வைரஸிடமிருந்து இரண்டாம் பாகத்தைக் கைப்பற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு அதன் எழுத்துகளிலேயே சான்று இருந்தது. அடுத்தவர் கிதாபின் இரண்டாம் பாகத்தைத் தன் முதல் பாகத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட கதை. உகாண்டாவில் 1980-களின் கடைசியிலும் 1990-களிலும் இரண்டு ஆப்பிரிக்க மரவள்ளி வைரஸ்கள் இப்படிக் கலந்து பிறந்த புதிய வகை, நாட்டின் பெரும்பகுதியில் மரவள்ளியை நாசமாக்கியது. மரவள்ளியே அன்றாட உணவாக இருந்த பகுதிகளில் பட்டினி வந்தது.

இனி வைரஸும் மரவள்ளியும் எங்கே சந்தித்தன என்பதற்கு வருவோம். மரவள்ளி நம் நாட்டுப் பயிர் அல்ல. அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் அதை ஆப்பிரிக்காவுக்கும் கேரளக் கரைக்கும் கொண்டுவந்தார்கள். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஏழைகளின் பசி தீர்க்க அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1940-களில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. நோன்புப் பெருநாள் பாயசத்தில் நாம் போடும் ஜவ்வரிசிக்குப் பின்னால் இத்தனை பெரிய பயணம் இருக்கிறது.

இப்போது கவனிக்க வேண்டிய செய்தி இதுதான்: மரவள்ளியின் தாயகமான அமெரிக்கக் கண்டத்தில் இந்தத் தேமல் நோய் இல்லை. 1894-இல் அது முதன்முதலாகப் பதிவானது கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில். இந்தியாவில் 1950-களில் பதிவானது. செடி வைரஸைக் கொண்டுவரவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. வைரஸின் முன்னோர்கள் இங்கேயே, நம் வேலியோரக் களைகளிலும் காட்டுச் செடிகளிலும், அந்தச் செடிகளைப் பெரிதாக வருத்தாமல் வாழ்ந்திருக்க வேண்டும். வெள்ளை ஈ அங்கே உறிஞ்சிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தது. மரவள்ளிக்கு அந்த வைரஸோடு முன்பின் பழக்கமில்லை, எதிர்க்கும் வழியும் தெரியவில்லை. தொடர்ச்சியாக ஒரே பயிர், வருடம் முழுவதும் பச்சை இலை, ஏக்கர் கணக்கில். களைச்செடியில் ஒண்டிக்கிடந்த ஒன்றுக்கு நாம் அரண்மனை கட்டிக் கொடுத்தோம்.

பெயரில் இலங்கை இருப்பதால் இலங்கையிலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் எங்கே எடுத்த மாதிரியை ஆராய்ந்து பெயர் வைத்தார்களோ அந்த ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்திய வைரஸைவிடப் பரவலாகக் காணப்படுவது இந்த இலங்கை வைரஸ்தான். ஊர்ப்பெயரும் சமூகப்பெயரும் வைரஸோடு ஒட்டும்போது என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸைச் சொல்லி ஒரு சமுதாயத்தையே நோயின் மூலமாகக் காட்டினார்கள். அடுத்த மாதமே கோயம்பேடு சந்தை வந்தது. அங்கிருந்து ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்கள் வழியாக கடலூர், விழுப்புரம், அரியலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் எண்ணிக்கை ஏறியபோது, மூட்டை தூக்கிய அந்த ஏழைகள் ஊர் எல்லையில் நிறுத்தப்பட்டுக் குற்றவாளிகளைப் போலப் பார்க்கப்பட்டார்கள். மர்கஸ் வழக்கில் வெளிநாட்டவர் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 2020 ஆகஸ்டில் கூறியது. உருமாறிய கொரோனாவுக்கு நாட்டுப் பெயர் சூட்டுவதை நிறுத்த, 2021 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தது. அதனால்தான் 'இந்திய வகை' டெல்டா ஆனது. வைரஸ் பரவிய வழியைத் தேடுவது அறிவியல். அந்த வழியில் நடந்தவனைத் தேடிப் பிடித்து அடிப்பது வேறு ஒன்று.

மரவள்ளிக்குத் திரும்புவோம். புதிய செடிக்குள் நுழைந்துவிட்டால் போதுமா? அங்கே குடியிருக்க வைரஸ் பல பூட்டுகளைத் திறக்க வேண்டும். முதிர்ந்த இலையின் செல்கள் டிஎன்ஏ நகலெடுக்கும் வேலையை நிறுத்தி ஓய்வில் இருக்கும். வைரஸின் ஒரு புரதம் அந்த ஓய்வைக் கலைத்து, பேனாவை மறுபடி எடுக்க வைக்கிறது. செடியும் சும்மா இருப்பதில்லை. வைரஸின் செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்துத் தேடி அழிக்கிறது. இதனால்தான் சில செடிகளில் கீழ் இலையில் தேமல் இருக்க, மேலே வரும் கொழுந்து தெளிவாக இருக்கும். அதற்குப் பதிலாக, இந்தத் தேடலையே முடக்கும் புரதங்கள் வைரஸிடம் உண்டு. போதாததற்கு வெள்ளை ஈயின் குடலைத் தாண்டி அதன் எச்சிலுக்குப் போய்ச் சேரவும் வேண்டும். அதற்கு மேலுறைதான் சாவி. எல்லா வெள்ளை ஈயும் ஒன்றல்ல, ஒரே மாதிரித் தோன்றும் பல இனங்கள் உள்ளன. அவற்றில் சில இந்த வைரஸை நன்றாகக் கடத்துகின்றன, சிலவற்றால் முடிவதில்லை. ஒருபக்கம் செடி, மறுபக்கம் பூச்சி, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும்படி 2,700 எழுத்தில் எழுதியாக வேண்டும்.

நாளாக ஆக வைரஸ் சாதுவாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை மக்களிடம் இருக்கிறது. கொரோனா ஓமைக்ரானாக மாறிய பிறகு இது வலுத்துவிட்டது. அப்படி ஒரு விதி இல்லை. உகாண்டாவில் நடந்தது நேர் எதிரானது. ஒரு வைரஸ் கடுமையாகுமா, மென்மையாகுமா என்பது அது எந்த வழியில் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. மரவள்ளியில் அந்த வழி இரண்டு. வெள்ளை ஈ ஒன்று, மனிதன் கை இன்னொன்று. மரவள்ளி விதை போட்டு வளர்ப்பதல்ல. போன போகத்துச் செடியின் தண்டைக் குச்சிகளாக வெட்டி நடுகிறோம். தண்டில் வைரஸ் இருந்தால், முளைக்கும் செடி பிறக்கும்போதே நோயாளி. வளர்ந்த பிறகு ஈ கடித்து நோய் வாங்கிய செடியைவிட, நோய்க்குச்சியிலிருந்து முளைத்த செடிக்கு இழப்பு மிக அதிகம். அதோடு, கோணல்மாணலான செடியை விவசாயி குச்சிக்கு எடுக்க மாட்டார், பார்க்க நன்றாக இருப்பதை எடுப்பார். வைரஸ் உள்ளே இருந்தும் வெளியே காட்டாத செடிகள் இப்படித் தேர்வாகின்றன. எந்த வைரஸ் அடுத்த வருடத்துக்குப் போக வேண்டும் என்பதை, அறியாமலே நாம்தான் தேர்ந்தெடுத்துக் கொண்டிருக்கிறோம்.

குச்சி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் தென்கிழக்கு ஆசியாவே சாட்சி. அங்கே தேமல் நோய் இல்லாமல் இருந்தது. 2015-இல் கம்போடியாவின் ஒரு தோட்டத்தில் இலங்கை வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. 2017-இல் வியட்நாம், 2018-இல் தாய்லாந்து. கடலைத் தாண்டி வெள்ளை ஈ பறந்து போகவில்லை. நோயுள்ள நடவுப் பொருள் கைமாறிப் போயிருக்க வேண்டும். நம் பக்கத்திலும் நடவுக் காலத்தில் குச்சிக் கட்டுகள் வண்டியேறி மாவட்டம் விட்டு மாவட்டம் போகின்றன. சான்றிதழ் ஏது, சோதனை ஏது?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் போகும் வழியில், ஸர்ஃக் என்ற இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கேட்டு, தோழர்களிடம் ஆலோசித்து, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) எடுத்துச் சொன்ன நபிமொழியையும் கேட்டு மதீனாவுக்குத் திரும்பிய வரலாறு நமக்குத் தெரியும். நோயுள்ள இடத்துக்குப் போகாமலும், அங்கிருந்து வெளியேறாமலும் இருக்க வேண்டும் என்ற அந்த வழிகாட்டலை 2020-இல் மிம்பர்களில் எத்தனையோ முறை சொன்னோம். செடிக்கும் அதே தர்க்கம்தான். நோயுள்ள கொல்லையின் குச்சி அந்தக் கொல்லையைத் தாண்டக் கூடாது.

இதைச் செய்ய வழி இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். 1963-இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. கல்வராயன் மலைக்கு மேற்கே சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஸ்ரீ ரக்ஷா, ஸ்ரீ சுவர்ணா, ஸ்ரீ சக்தி போன்ற தேமலை எதிர்க்கும் ரகங்கள் வெளிவந்துவிட்டன. எதிர்ப்பு எப்படி வருகிறது என்பதிலும் 2022-இல் ஒரு வெளிச்சம் கிடைத்தது. ஆப்பிரிக்க ரகங்களில் உள்ள ஒருவகை எதிர்ப்புச் சக்திக்குக் காரணம், டிஎன்ஏவை நகலெடுக்கும் மரவள்ளியின் சொந்தப் புரதத்தில் ஏற்பட்ட சிறு மாற்றம் என்று கண்டார்கள். வைரஸ் கடன் வாங்கும் அதே பேனாவில்தான் மாற்றம். பேனா கொஞ்சம் மாறியதும் வைரஸுக்கு எழுத வரவில்லை.

பிறகு ஏன் கொல்லைகளில் இன்னும் பழைய ரகங்களே நிற்கின்றன? ஆலைக்குப் பழகிய கிழங்கு, விவசாயிக்குப் பழகிய முள்ளுவாடி, குங்கும ரோஸ், எச் 226. புது ரகத்தின் குச்சி மலைவாசி கையில் வந்து சேர்வதற்கு முன் கீழேயே தீர்ந்துவிடும். சாலையே சரியாகப் போகாத குக்கிராமத்துக்கு நல்ல குச்சி எங்கே போகப்போகிறது? பூச்சிமருந்து விற்க ஆள் உண்டு, ஏனென்றால் அதில் வருடாவருடம் லாபம் உண்டு. சுத்தமான குச்சியை ஒருமுறை கொடுத்தால் அந்த விவசாயி அதையே பெருக்கிக்கொள்வார், தனியாருக்கு அதில் வியாபாரம் இல்லை. ஆகவே இது அரசின் வேலை, தடுப்பூசி போடுவதைப் போன்ற வேலை. உயர் நீதிமன்றத்தில் மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றிப் பேசப்பட்டபோது சாலையும் குடும்ப அட்டையும் மருத்துவமும் பேசப்பட்டன, பேசப்பட வேண்டியவைதான். அந்தப் பட்டியலில் குச்சியையும் சேர்க்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. இந்த வட்டாரத்தில் விவசாயத்தோடும் கிழங்கு வியாபாரத்தோடும் தொடர்புள்ள நம் சகோதரர்களும் இதைக் கேட்டுக் குரல் கொடுக்கலாம்.

கணக்கு எளிது. மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஓர் ஏக்கருக்குச் சுமார் 5,000 குச்சி வேண்டும். வழக்கமான முறையில் ஒரு செடியிலிருந்து பத்துக் குச்சி கிடைக்கும், எனவே ஓர் ஏக்கருக்கு 500 நோயற்ற செடிகள் தேவை. திருவனந்தபுரம் நிறுவனம் சொல்லித்தரும் முறையில், இரண்டு கணு உள்ள சிறு துண்டுகளாக நறுக்கி, நிழல்வலைக்குள் நாற்று விட்டு, தேமல் தெரிகிற நாற்றை அங்கேயே பிடுங்கி எறிந்துவிட்டு மீதியை நட்டால், ஒரு செடியிலிருந்து 60 வரை பெருக்கலாம். அப்போது ஓர் ஏக்கருக்கு 84 செடி போதும். வெள்ளிமலையில் ஒரு நிழல்வலைக் கூடமும், நாற்றைப் பார்த்துத் தேமல் சொல்லத் தெரிந்த இரண்டு மூன்று உள்ளூர்ப் பெண்களும் இருந்தால் இதைத் தொடங்கிவிடலாம்.